"ஆவன செய்யவும்" என்று எழுதினால் காசு வருமா? பள்ளிக்கூடத்துக்கு நிதி கேட்டு அலையும் டீச்சர்கள்!

வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை போதவில்லை. தலைமை ஆசிரியை மனு எழுதினார்.

"எமது பள்ளிக்குக் கழிப்பறை வசதி செய்து தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆவன செய்யவும்."

மணலிப் பக்கம் உள்ள ஒரு கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் போனது. பதில் இல்லை. இன்னொரு கம்பெனிக்குப் போனது. அங்கிருந்தும் மூச்சு இல்லை. மூன்றாவது கம்பெனிக்கு மனுவும் கையுமாக நேரிலேயே போனார். அதிகாரி வாங்கிப் படித்தார்.

"எத்தனை பிள்ளைங்க மேடம்?"

"நிறையப் பேர் சார்."

"எத்தனை கழிப்பறை வேணும்?"

"நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "இதை வச்சுக்கிட்டு எங்க கமிட்டியில ஒரு ரூபாகூட கேட்க முடியாதே!" என்றார். டீச்சர் முகம் சுண்டிப்போனது.

பணம் இருக்கிறது!

பணம் இல்லாமல் இல்லை. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவைப் பாருங்கள். வருட லாபம் 5 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர சொத்து மதிப்பு 500 கோடி. இதில் ஒன்று இருந்தாலும் அந்தக் கம்பெனி, முந்தைய 3 வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூக நலனுக்குச் செலவு செய்ய வேண்டும். கல்வியும் சுகாதாரமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. புகைபோக்கி தெரிகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் தைரியமாகவே கேட்கலாம்!

இதற்குப் பெயர் சி.எஸ்.ஆர். நிதி. (போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் ஒரு ரசீது தருவார்களே, அந்த சி.எஸ்.ஆர். வேறு!)

சென்னை மாநகராட்சியே இப்படித் திட்டம் எழுதிப் பணம் வாங்கியிருக்கிறது. 2018-ல் மத்திய அரசு, பிரான்ஸ் நாட்டு வளர்ச்சி நிறுவனத்தின் உதவியோடு, ஸ்மார்ட் சிட்டிகளுக்கு ஒரு போட்டி வைத்தது. நல்ல திட்டம் எழுதுகிற நகரத்துக்குப் பணம். 28 பள்ளிக்கூடங்களைச் சீரமைக்கும் திட்டத்தை எழுதி அனுப்பி சென்னை ஜெயித்தது. மொத்தச் செலவு 95 கோடியே 25 லட்சம். அதில் 76 கோடியே 20 லட்சம் போட்டியில் கிடைத்த நிதி.

அதற்கும் முன்னால், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தார். 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அங்கேயும் எந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டுத்தான் ஊராரிடம் கேட்டார்கள்.

தண்ணீரே குடிக்காத சிறுமி

டீச்சர் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினார். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது குழுவின் வேலை. பல இடங்களில் கையெழுத்துப் போடுவதோடு சரி!

அன்றைக்கு ஒரு தாய் எழுந்தார்.

"எம் பொண்ணு காலையில ஒரு டம்ளர் தண்ணிகூட குடிக்க மாட்டேங்குது டீச்சர். ஸ்கூல்ல போக இடமில்லைன்னு சொல்லுது. சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் ஓடுது. மாசத்துல மூணு நாளு லீவு போட்டுடுது."

கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. மற்ற தாய்மார்களும் தலையை ஆட்டினார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அந்தப் பெண் மட்டும் அல்ல, பெரிய வகுப்புப் பெண்கள் பலருக்கும் மாதா மாதம் அதே மாதிரி லீவு!

அதுதான் புது மனுவின் முதல் பக்கம் ஆயிற்று. அடுத்து கணக்கு. பெண் பிள்ளைகள் 320. கழிப்பறை 4. ஒன்றுக்குக் கதவு இல்லை. ஒன்றில் தண்ணீர் வராது. 40 பிள்ளைகளுக்கு ஒன்று என்பது 2014-ல் தொடங்கிய மத்திய அரசின் தூய்மைப் பள்ளி இயக்கம் சொன்ன அளவு. அப்படிப் பார்த்தால் 8 வேண்டும். போட்டோ வைத்தார்கள். என்ஜினீயர் போட்ட எஸ்டிமேட் வைத்தார்கள். நிலம் மாநகராட்சியுடையது என்பதால் தடையில்லாச் சான்று வாங்கி வைத்தார்கள்.

கடைசிப் பக்கம்தான் லேசில் எழுத வரவில்லை. கட்டியபிறகு கழுவுவது யார்? பினாயில், பிளீச்சிங் பவுடர் வாங்க யார் காசு? பணம் கொடுக்கிறவர்கள் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். கட்டி ஆறே மாதத்தில் பூட்டிப்போட்ட கழிப்பறைகளை அவர்களும் பார்த்திருக்கிறார்களே! பெரிய தகராறுக்குப் பிறகு, குழுவே மாதா மாதம் செலவை ஏற்கும் என்று தீர்மானம் எழுதினார்கள்.

பைலோடு வந்த ஆசாமி

நடுவில் ஒரு ஆசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைல். "அம்பது லட்சம் சி.எஸ்.ஆர். ஃபண்டு வாங்கித் தர்றேன். பிராசசிங் சார்ஜ் மட்டும் முன்னாடி கொடுத்துடுங்க" என்றார்.

"உங்க சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் என்னங்க?" என்று கேட்டார் டீச்சர். கம்பெனிகளிடம் இந்த நிதியை வாங்கி வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆசாமி திருதிரு என்று விழித்தார். "போன் வருது" என்று வெளியே போனவர் கம்பி நீட்டிவிட்டார்!

கேரளாவில் 2025-ல் வெடித்த மோசடியும் இந்தப் பெயரில்தான். சி.எஸ்.ஆர். நிதியில் பாதி விலைக்கு ஸ்கூட்டர் என்று ஆசை காட்டி, ஏராளமானவர்களிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றினார்கள்.

புது மனு அதே கம்பெனிக்குப் போனது. இந்தத் தடவை அதிகாரியே பள்ளிக்கு வந்தார். நேராகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"எஸ்டிமேட்ல தண்ணி டேங்க்கும் மோட்டாரும் சேர்த்திருக்கீங்களா மேடம்?"

டீச்சர் 3-ம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அதிகாரி பேனாவை எடுத்து அதில் ஒரு டிக் போட்டார். கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது.