வானிலை மாதிரிகளின் உரைகல்

நாளைய மழையைக் கணிக்கும் கணினி மாதிரி வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம், காற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தில் ஒரு பெறுமானமே உண்டு. ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை முன்னறிவிப்பு நிலையத்தின் உலக மாதிரியில் 2016 முதல் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் அத்தகைய ஒரு கட்டத்தை வைத்தால் உடுப்பிட்டியும், வடக்கே வல்வெட்டித்துறைக் கடலும், மேற்கே தொண்டைமானாற்று நீரேரியும் அதற்குள் அடங்கிவிடலாம். நூறாண்டுக் காலநிலையைக் கணிக்கும் மாதிரிகளில் கட்டம் 100 கிலோமீற்றர் வரை அகன்றிருக்கும். அங்கே குடாநாடு முழுவதும் ஒரு புள்ளி.

முகில்கள் இந்த அளவுக்குள் சிக்குவதில்லை. வடமராட்சி வானில் மிதக்கும் சிறு திரள்முகிலின் அகலம் பெரும்பாலும் ஒரு கிலோமீற்றரைத் தாண்டாது. சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமுகிலில்கூட, மேலெழும் காற்றோட்டம் சில கிலோமீற்றர் அகலமே கொண்டது. ஆயினும் நிலத்தின் வெப்பத்தையும் கடலின் ஈரத்தையும் உயரத்துக்குக் கொண்டுசெல்வது இந்தக் காற்றோட்டங்கள்தான். அவற்றை விட்டுவிட்டு மழையைக் கணிக்க முடியாது.

கட்டத்தைச் சிறிதாக்கினால் கணிப்புச் செலவு எகிறுகிறது. அகலம் பாதியானால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். நேரப் படியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். 9 கிலோமீற்றரிலிருந்து 100 மீற்றருக்கு இறங்க, உயரத்தில் அடுக்குகளைக் கூட்டாமலே, ஏழு இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட கணிப்பு தேவைப்படும். ஆகவே உலக மாதிரிகள் முகில்களைத் தனித்தனியே கணிப்பதில்லை. கட்டத்தின் சராசரி வெப்பமும் ஈரமும் இவ்வளவு என்றால் அதிலுள்ள முகில்கள் மொத்தமாக என்ன செய்யும் என்று ஒரு சுருக்க விதியால் மதிப்பிடுகின்றன. 1974இல் அக்கியோ அரகாவாவும் வேய்ன் சூபர்ட்டும் வெளியிட்ட திட்டம் இவ்வகை விதிகளில் பெயர்பெற்றது. வெவ்வேறு உயரம்வரை எழும் முகில்களின் கூட்டம் ஒன்றை அது கற்பனை செய்கிறது. ஒவ்வொரு முகிலும் எழும்போது சுற்றியுள்ள வளியை எவ்வளவு உள்ளிழுக்கிறது என்பதை வைத்தே அது எட்டும் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த விதி சரியானதா என்று மழைமானியைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து மழையளவைச் சரியாகக் காட்டிவிடலாம். அளவுக்கருவி கட்டிய பலூன் தான் ஏறிச்செல்லும் ஒரு பாதையை மட்டுமே அளக்கிறது. விமானம் ஒரு சிறு முகிலைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. முகிலின் ஓரத்தில் உலர்ந்த வளி உட்புகுவதை நேரடியாக அளப்பது மிகக் கடினம். அந்த இடத்தில் உரைகல்லாகப் பயன்படுவது நுண்ணிய உருவகிப்பு.

அமெரிக்காவின் பௌல்டரில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு நிலையத்தில் 1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டியர்டோர்ஃப் செய்த கணிப்புகள் இம்முறைக்கு வழிவகுத்தன. பெருஞ்சுழி உருவகிப்பு எனப்படும் இதில் கட்டத்தின் அகலம் சில பத்து மீற்றரிலிருந்து 100 மீற்றர் வரை இருக்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் பெருமளவில் சுமக்கும் பெரிய சுழிகள் இயக்க விதிகளிலிருந்து நேரடியாகவே கணிக்கப்படுகின்றன; மிகச் சிறிய சுழிகளுக்கு மட்டும் மதிப்பீடு. செலவு அதிகம் என்பதால் சில கிலோமீற்றர் பரப்பும் சில மணி நேரமுமே வழமையான எல்லை.

சோதனையின் ஒழுங்கு எளிமையானது. முதலில், நன்கு அளக்கப்பட்ட ஒரு நாளும் இடமும் தெரிவுசெய்யப்படும். உலக மாதிரியிலிருந்து ஒரேயொரு கட்டத்தை, தரையிலிருந்து வானுச்சிவரை, தனியே பிரித்தெடுப்பர். இது தனித்தூண் மாதிரி. அதற்கும் நுண்ணிய உருவகிப்புக்கும் ஒரே தொடக்க நிலையும், ஒரே தரை வெப்பமும், வெளியிலிருந்து வந்துசேரும் ஒரே அளவு ஈரமும் கொடுக்கப்படும். இரண்டும் ஓடி முடிந்தபின் உயரத்துக்கு உயரம், மணிக்கு மணி விடைகள் ஒப்பிடப்படும். சூழலின் காற்றோட்டம் இரண்டுக்கும் பொது என்பதால், வேறுபாட்டின் காரணத்தைச் சுருக்க விதியிலேயே தேடலாம். நுண்ணிய உருவகிப்பில் ஒவ்வொரு முகிலின் உள்ளும் புறமும் தெரிவதால், விதியின் எந்தப் பகுதி பிழைத்தது என்பதையும் கண்டுகொள்ளலாம்.

1969இல் பாபேடோஸ் தீவின் கிழக்கே நடந்த ‘பொமெக்ஸ்’ கடல் ஆய்வின் அளவுகள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மழை பெய்யாத சிறு திரள்முகில்கள் நிறைந்த அந்த வானத்தை ஒல்லாந்து ஆய்வாளர் பியர் சீபெஸ்மாவும் ஹான்ஸ் கௌபெர்சும் 1995இல் உருவகித்துக் காட்டினர். முகில்கள் உள்ளிழுக்கும் வெளி வளியின் அளவு, அக்கால மாதிரிகள் கொண்டிருந்ததைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு என்று தெரியவந்தது. 2003இல் பத்து வெவ்வேறு உருவகிப்பு நிரல்கள் இதே வானத்தை மீண்டும் கணித்து, முக்கிய முடிவுகளில் ஒத்துப்போயின. அவை எடுத்துக்கொண்ட பரப்பு 6.4 கிலோமீற்றர் சதுரம். உடுப்பிட்டியிலிருந்து வல்வெட்டித்துறைக் கரைக்குள்ள தூரத்தை அது தாராளமாக உள்ளடக்கும்.

தரைமேல் எழும் இடிமழையில் வேறொரு குறை வெளிப்பட்டது. அமெரிக்காவின் ஒக்லஹோமாப் பகுதியில் அளக்கப்பட்ட ஒரு கோடை நாளை அடிப்படையாகக் கொண்ட ஒப்பீடு 2004இல் வெளியானது. முகில்களை நேரடியாகக் கணிக்கும் மாதிரிகளில் சிறு முகில்கள் முதலில் மேல்வளியைச் சிறிது சிறிதாக ஈரமாக்கின. பெருமழை சில மணி நேரம் பிந்தியே வந்தது. தனித்தூண் மாதிரிகள் அந்த இடைநிலையைத் தாண்டிக் குதித்து, முற்கூட்டியே மழையைப் பொழிந்தன. வெப்பவலய நிலங்களில் பிற்பகல் இடிமழையை நண்பகலிலேயே காட்டும் பழைய வழு இதிலிருந்துதான் பிறக்கிறது. ஐரோப்பிய நிலையம் 2013இல் தன் விதியைத் திருத்தி இக்குறையைப் பெருமளவு குறைத்தது.

2004இல் வெளியான இன்னொரு சோதனை, சூழலின் சார் ஈரப்பதனை 25, 50, 70, 90 வீதம் என நான்கு நிலைகளில் வைத்துப் பார்த்தது. நுண்ணிய மாதிரிகளில் உலர்ந்த சூழலில் முகில்கள் குட்டையாகவே நின்றன. ஈரமான சூழலில் உயர்ந்தெழுந்தன. தனித்தூண் மாதிரிகள் பலவற்றில் இந்த வேறுபாடு போதிய அளவு தெரியவில்லை.

இந்து சமுத்திரத்துக்கான அளவுகள் 2011 ஒக்டோபரில் தொடங்கிய ‘டைனமோ’ ஆய்வில் திரட்டப்பட்டன. முப்பது முதல் அறுபது நாள் இடைவெளியில் கிழக்கு நோக்கி நகரும் மேடன்–ஜூலியன் மழை அலைவு எப்படித் தோன்றுகிறது என்பதே அதன் கேள்வி. வாடைக்கால மழையின் ஏற்ற இறக்கத்திலும் இந்த அலைவுக்குப் பங்குண்டு. கொழும்பு, மாலே, மாலைதீவின் கான் தீவு, ‘ரெவெல்’ ஆய்வுக் கப்பல் ஆகிய நான்கும் இந்த ஆய்வின் பலூன் நிலையங்களால் ஆன வடக்கு நாற்கரத்தின் மூலைகள். அங்கிருந்து விடப்பட்ட பலூன்களின் தரவு, உள்ளே வரும் ஈரத்தைக் கணக்கிட உதவியது. முகில்களை நேரடியாகக் கணிக்கும் மாதிரிகள் பின்னர் அதைக் கொண்டு இயக்கப்பட்டன. கொழும்பின் கீழ்மட்டக் காற்று அளவுகளில், இலங்கைத் தீவே காற்றை மறிப்பதால் வந்த பாதிப்பு இருந்தது. திறந்த கடலைக் குறிக்கும்படி அதைத் திருத்திய பின்னரே கணக்கில் சேர்த்தனர்.

உரைகல்லுக்கும் எல்லை உண்டு. மழைத்துளியும் பனித்துகளும் வளரும் முறை நுண்ணிய உருவகிப்பிலும் மதிப்பீடுதான். ஆழமான முகில்களில் நிரலுக்கு நிரல் விடை மாறுவதற்கு அது ஒரு முக்கிய காரணம். பல நிரல்களை ஒப்பிடுவதும், ரேடார், பலூன் அளவுகளோடு சரிபார்ப்பதும் இதனால்தான். சிறிய பரப்பு இன்னொரு தடை. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிச் சூறாவளி, மன்னார் வளைகுடாவுக்குச் சென்று இராமநாதபுரக் கரையை ஒட்டி நகராமல் நின்றது; குடாநாட்டில் வெள்ளம் பெருகியது. அத்தகைய தொகுதி சில கிலோமீற்றர் பரப்புக்குள் அடங்காது.

அந்த இடைவெளியை நிரப்பப் பெருங்கணினிகள் உதவுகின்றன. ‘டயமண்ட்’ திட்டத்தில் ஒன்பது உலக மாதிரிகள் 2016 ஓகஸ்ட் தொடங்கி 40 நாள்களை 5 கிலோமீற்றர் அல்லது அதனினும் சிறிய கட்டங்களில் கணித்தன. 2025 மேயில் இந்தியா தொடக்கிவைத்த பாரத முன்னறிவிப்பு முறைமையின் கட்டம் 6 கிலோமீற்றர்; புனேயின் இந்திய வெப்பவலய வானிலையியல் நிறுவனம் அதை உருவாக்கியது. பெரிய இடிமுகில் தொகுதிகள் இக்கட்டங்களில் ஓரளவு தெரியத் தொடங்குகின்றன. சிறு திரள்முகில்கள் இன்னும் தப்பிவிடுவதால் அவற்றுக்குச் சுருக்க விதியும், அந்த விதிக்கு நுண்ணிய உருவகிப்பின் சோதனையும் தொடர்ந்து தேவைப்படும்.