ஃபார்மேட் போடுவதற்கு முன் ஓர் எண்

லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. திரையில் எழுத்துகள் ஊதிப்போய்க் கட்டை கட்டையாகத் தெரிகின்றன. இந்த மூன்று புகார்களில் எதைக் கொண்டுபோனாலும் பல சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மேட் போட்டுரலாம் சார். டேட்டா ஏதாச்சும் இருந்தா எடுத்து வெச்சுக்குங்க." கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றினால் எந்தக் கோளாறும் ஓடிப்போய்விடுமே! ஆனால் மேலே சொன்ன மூன்றும் பெரும்பாலும் டிரைவர் கோளாறின் அடையாளங்கள். டிரைவர் காணாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணமே ஃபார்மேட்தான். மற்ற கோளாறுகளில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. எந்தப் பாகத்துக்கு என்ன குறை என்பதை விண்டோஸ் ஓர் எண்ணாகவே எழுதி வைத்திருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் ஃபார்மேட் போடுவது வீண் வேலை என்பதோடு, பல சமயம் கோளாறைப் பெரிதாக்கும் வேலையும்கூட.

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் ஒரு குறிப்பிட்ட சிப்புக்கும் நடுவே நிற்கும் மென்பொருள். பெரும்பாலும் சிப்பைச் செய்த கம்பெனியே அதற்கான டிரைவரையும் எழுதும். விண்டோஸை எழுதியவர்களுக்கு அந்த சிப்பின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வசதியான ஏற்பாடுதான். ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. பிரவுசர் முடங்கினால் பிரவுசர் மட்டும் மூடிக்கொள்ளும். பல டிரைவர்களோ கெர்னல் எனப்படும் மையப்பகுதிக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே ஒன்று தடுக்கி விழுந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் நீலத்திரை காட்டி நின்றுவிடும். விண்டோஸ் விஸ்டா 2007இல் விற்பனைக்கு வந்தபோது வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்குக் கணக்கில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்காவில் நடந்த 'விஸ்டா கேப்பபிள்' வழக்கில் அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியாவின் டிரைவர்களால் வந்தவை, மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு சுமார் 18 சதவீதம் என்று அதில் இருந்தது. விஸ்டாவைத் திட்டியவர்களில் கணிசமானவர்கள் ஆள் மாற்றித் திட்டியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சாட்சி 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள் கெர்னலுக்குள் ஒரு டிரைவராக ஓடுகிறது. அந்த டிரைவர் படிக்க வேண்டிய ஒரு ஃபைல் பிழையோடு அனுப்பப்பட்டது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய முடக்கத்தை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள், மறுபடி ஆன் செய்தார்கள். உலகம் கண்ட மிகப் பெரிய கணினி முடக்கங்களில் ஒன்றுக்கே ஃபார்மேட் தேவைப்படவில்லை என்றால், ஸ்பீக்கரில் சத்தம் வராததற்கு எதற்கு?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே டிவைஸ் மேனேஜர் இருக்கிறது. அதைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கோளாறான பாகம் அங்கே எந்த நிலையில் இருக்கிறது என்பதை. பட்டியலில் பெயரே இல்லை என்றால் பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை அல்ல. கேபிள் கழன்றிருக்கலாம், பயாஸில் அணைத்து வைத்திருக்கலாம், பாகமே போயிருக்கலாம். எந்த டிரைவரை ஏற்றினாலும் பலன் இருக்காது. பெயர் இருந்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் இருந்தால் விஷயம் டிரைவர் பக்கம் திரும்புகிறது. அந்தப் பெயரை டபுள் கிளிக் செய்தால் 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' என்ற பெட்டியில் ஒரு கோட் இருக்கும். 28 என்றால் டிரைவரே ஏற்றப்படவில்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் பாகத்தைக் கிளப்ப முடியவில்லை. 43 என்றால் தன்னிடம் கோளாறு என்று பாகமே சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை. 22 என்று இருந்தால் யாரோ அதை டிசேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் என்று ஒரு கிளிக் போதும். இதற்குப் போய் ஃபார்மேட் போடுவது, ஸ்விட்ச் போடாத ஃபேனுக்கு மோட்டார் மாற்றுவதைப் போல. மூன்றாவது நிலையும் உண்டு. முக்கோணம் இல்லை, எல்லாம் சரி என்கிறது, ஆனால் பாகம் வேலை செய்யவில்லை. கேமராவின் முன்னால் இருக்கும் சின்ன மூடி, ஏர்பிளேன் மோடு, பிரைவசி செட்டிங், சத்தம் வேறு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருப்பது என்று அற்பக் காரணங்கள் ஒளிந்திருக்கும் இடம் இது.

இங்கே ஓர் இடைச்செருகல். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் போகலை' என்று பலர் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி வந்தது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். யுஎஸ்பி கருவிகளில் வரும் கோட் 43 சில சமயம் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே மறைந்துவிடும்.

கோட் 28 வரும்போது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன் டிவைஸ்' என்று மட்டும் இருந்தால் மிரள வேண்டியதில்லை. அதே பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீளமான வரி வரும். அதில் 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பிறகு இருப்பது சிப் செய்த கம்பெனியின் எண், 'டெவ்' என்பதற்குப் பிறகு இருப்பது அந்தக் குறிப்பிட்ட சிப்பின் எண். 8086 என்றால் இன்டெல். 1978இல் தாங்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள், இன்ஜினியர்களுக்கும் குறும்பு உண்டு. 10டிஇ என்றால் என்விடியா, 10இசி என்றால் ரியல்டெக். இந்த வரியைக் காப்பி செய்து தேடினாலே எது என்று தெரிந்துவிடும். மாடல் பெயரை வைத்துத் தேடுவதைவிட இது நம்பகமானது. ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு தொகுப்பில் இன்டெல் வைஃபை கார்டும் இன்னொன்றில் ரியல்டெக் கார்டும் இருப்பது சகஜம். 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று முக்கோணத்தோடு நிற்பது இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் இன்ஜினுக்கான டிரைவர் இல்லாத குறை. 'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்' என்பது சிப்செட் டிரைவர் இல்லாத குறை. சிப்செட் டிரைவரை முதலில் ஏற்றினால் மற்ற பல முக்கோணங்களும் அதோடு போய்விடுவதுண்டு.

"அதெல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை, இப்போது எல்லா டிரைவரையும் விண்டோஸ் அப்டேட்டே இறக்கிக்கொள்கிறது" என்று ஒருவர் சொல்லலாம். முக்கால்வாசி உண்மை. விண்டோஸ் 10க்குப் பிறகு பழைய தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. மீதிக் கால்வாசிதான் ஆளைக் கவிழ்க்கிறது. அப்டேட் இறங்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை டிரைவர் வேண்டும், அந்த டிரைவர் அப்டேட்டில் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்றும்போதே இணையத்தில் சேரச் சொல்லி நின்றுவிடுவதால் இந்தச் சிக்கல் முதல் திரையிலேயே வந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். போன் ஒரு நெட்வொர்க் கார்டாகத் தெரியும், அதற்கான டிரைவர் விண்டோஸோடு கூடவே வருகிறது. இன்னொரு இடம் டிஸ்க். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர் முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஏற்பாடு ஆன் செய்யப்பட்டே வருகிறது. அவற்றில் விண்டோஸ் ஏற்றப்போனால் டிஸ்க் இருக்கும் இடமே காலியாகத் தெரியலாம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். விவரம் தெரியாத இடத்தில் இதற்கு 'எஸ்எஸ்டி போயிருச்சு' என்று பெயர், புது எஸ்எஸ்டிக்குப் பில். இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. யுஎஸ்பி 3.0 டிரைவர் இல்லாமல் 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7ஐ, 2015இல் வந்த ஸ்கைலேக் போர்டுகளில் ஏற்றப் பார்த்தவர்களுக்கு நடுவழியில் மவுசும் கீபோர்டும் செத்துப்போயின.

ஃபார்மேட்டுக்கு அடுத்து ஜனங்கள் நாடுவது 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்னும் மென்பொருள்களை. இவற்றின் அடிப்படைக் கருத்தே தவறு. வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவர் பழையது என்பது கோளாறு அல்ல. புதியது எப்போதும் நல்லது என்பதும் இல்லை. எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் யுஎஸ்பி-சீரியல் சிப்கள் கேபிள்களிலும் மின்னணுப் போர்டுகளிலும் ஏராளமாகப் புழங்குகின்றன, அவற்றுக்குப் போலிகளும் ஏராளம். 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் புதிய டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. போலி என்றே அறியாமல் வாங்கியவர்களின் கருவிகள் ஒரே நாளில் அடையாளம் இழந்தன. கண்டனம் கிளம்பிய பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. புரோலிஃபிக் கம்பெனியின் பழைய சிப்களுக்கும் புது டிரைவர் கோட் 10 காட்டி வேலை செய்ய மறுக்கும். அங்கே பழைய டிரைவருக்குத் திரும்புவதுதான் தீர்வு. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் இருப்பதே இதற்காகத்தான். ஸ்கேன் செய்து பயமுறுத்தும் வியாபாரத்தைப் பற்றி அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ன நினைக்கிறது என்பதும் பதிவில் இருக்கிறது. பொய்யான கோளாறுகளைக் காட்டிக் கணினிப் பழுதுநீக்கம் விற்றதாக எழுந்த புகாரில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற நிறுவனங்கள் 2.6 கோடி டாலர் கட்ட 2024இல் ஒப்புக்கொண்டன. அவை டிரைவருக்கென்றே உள்ள மென்பொருள்கள் அல்ல. ஆனால் 'ஸ்கேன் இலவசம், சரிசெய்யக் காசு' என்ற சூத்திரம் இரண்டுக்கும் பொது.

"ஃபார்மேட் போட்டதும் சரியாகிவிட்டதே!" என்று அனுபவத்திலிருந்து சொல்பவர்களும் உண்டு. சரியாகும், மறுக்கவில்லை. பழைய டிரைவரின் சிதைந்த மிச்சங்கள் போய், புதிய விண்டோஸ் சரியான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கியிருந்தால் சரியாகும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தை அன்இன்ஸ்டால் செய்து, டிரைவரையும் அழிக்கும் பெட்டியை டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்தாலும் ஏறத்தாழ அதே காரியம்தான் நடக்கிறது. போட்டோக்களும் டேலி கணக்கும் பத்திரமாக இருக்கும். கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மணிநேரம் தேடிக் கண்டுபிடிப்பதைவிட ஃபார்மேட் போடுவது அவருக்கு நேரம் மிச்சம், காசும் நிச்சயம். "இதெல்லாம் எனக்கு எதற்கு, நான் கணக்குப் பார்ப்பவன்" என்று வாசகர் கேட்டால் அதுவும் சரியே. பழுதுபார்க்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோட் எண்ணையும் ஹார்ட்வேர் ஐடியையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும், கடையில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பாகமே போயிருக்குமோ என்ற சந்தேகம் தீரவும் வழி உண்டு. உபுண்டு லினக்ஸை எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை வேலை செய்தால் கார்டு நன்றாக இருக்கிறது, குறை விண்டோஸ் பக்கம். அதிலும் இல்லை என்றால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11 ஏற்றுவது இப்போது பரவலாக நடக்கிறது. அப்படி மாற்றப்போகிறவர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலை செய்துகொள்ள வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெபாசிட்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அந்தக் கணினியில் ஏற்றப்பட்ட டிரைவர்கள் அங்கேதான் இருக்கின்றன. சில ஜிபி வரும், அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து வையுங்கள். புது விண்டோஸில் முக்கோணம் தெரிந்தால் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து இந்த ஃபோல்டரைக் காட்டினால் வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். கூடவே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரிகவரி கீயையும் தேடி எடுங்கள். பயாஸில் டிஸ்க் செட்டிங்கை மாற்றினாலோ, சில சமயம் சேஃப் மோடுக்குப் போனாலோ விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளதை எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.