கைக்கடிகாரம் அடியை எண்ணும். இனிப்பு நீரை அளக்குமா?

"ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா, இல்லை கையில் கட்டுகிற அந்தச் சின்னப் பட்டையே போதுமா?" இந்தக் கேள்வியை எங்கள் கருத்தரங்கில் எடுத்துக்கொண்டபோது அதிகம் பேசியவர்கள் இளைஞர்கள் அல்லர். ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட் பக்கமிருந்து வந்திருந்த, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தாம். தீபாவளிக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததைக் கையில் கட்டிக்கொண்டு வந்து, "இது சொல்வதை நம்பலாமா?" என்று கேட்டார்கள். விளம்பரம் போக மிஞ்சிய நேரத்தில் அங்கே சொல்லி முடிக்காததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எது எது என்று பார்த்துவிடுவோம். கைப்பட்டை என்று நான் சொல்வது கடைகளில் 'ஸ்மார்ட் பேண்ட்' என்று விற்பதை. அதன் உள்ளே கை அசைவை உணரும் ஒரு சில்லு இருக்கும். அடிப்பாகத்தில் பச்சை நிற வெளிச்சம் மினுக்கும். சில்லு அடிகளை எண்ணுகிறது; பச்சை வெளிச்சம் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பி, நாடித் துடிப்பைக் கணக்கிடுகிறது. 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபிட்பிட் நிறுவனம் இந்த வகைக் கருவியைப் பிரபலமாக்கியது. 2014இல் சியோமி மலிவு விலையில் 'மி பேண்ட்' கொண்டுவந்த பிறகுதான் அது நம் வீடுகளுக்குள் நுழைந்தது. ஸ்மார்ட் வாட்ச் இதையெல்லாம் செய்வதோடு, கைப்பேசியின் குட்டித் தம்பியாகவும் இருக்கும். அழைப்பு வந்தால் பேசலாம், குறுந்தகவலைப் படிக்கலாம், வழி பார்க்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரம் 2015இல் விற்பனைக்கு வந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது. பார்வைக்குப் பெரிய கடிகாரம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பட்டையின் வேலைதான். நம் கடைகளில் அதிகம் விற்பது இதுவே. ஆகவே பெட்டியின் மேல் 'வாட்ச்' என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நடந்தே பழகிய கால்கள்

இந்த விஷயம் நம்மவர்களுக்கு ஏன் முக்கியம்? தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு நிரை நிரையாக மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்ட வேண்டும். வெயில் ஏறியதும் அதே வழியில் திரும்ப நடந்து மங்கில் இருக்கும் பாலைச் சேகரித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். அவர்களுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. வயிறாரச் சோறு சாப்பிட்டாலும் அந்த உழைப்பு அதைக் கரைத்துவிட்டது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போ தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்தார்கள். லாரி ஓட்டுநர், பாதுகாவலர், கணினி முன் அமரும் பிள்ளை என்று வேலைகள் மாறின. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை! சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது என்பது நல்ல செய்தி. ஆனால் அதே ஆய்வில் பெரியவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்றும் தெரிந்தது.

இப்படிப்பட்டவருக்கு நாள் முழுவதும் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும் கருவி பயனுள்ளதுதான். காலையில் மார்க்கெட், மாலையில் கோவில் என்று 'நிறைய' நடந்ததாக நினைத்தவர், பட்டையில் 2,300 என்று பார்க்கும்போது கொஞ்சம் திடுக்கிடுவார். அந்தத் திடுக்கிடலுக்கு ஆயிரம் வெள்ளி செலவழிக்க வேண்டியதில்லை. நூறு, இருநூறு வெள்ளிப் பட்டையே அதைச் செய்துவிடும்.

பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

எல்லாக் கருவியும் 10,000 அடி என்று இலக்கு வைத்துக்கொண்டு நம்மை விரட்டுகிறது. இது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் என்று பலர் நம்புகிறார்கள். கதை வேறு. 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டே யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மன்போ கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மானி'. விற்பதற்காக வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது!

அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் மரண விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 அடியோடு அந்தப் பயன் ஏறுவது நின்றுவிட்டது. இந்த ஆய்வு வயதான பெண்களைப் பற்றியது. இளைஞர்கள் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு படுத்துவிட வேண்டாம். ஆனால் முட்டி வலியோடு இருக்கும் பாட்டி, "பத்தாயிரம் என்னால் முடியாது" என்று பட்டையைக் கழற்றி அலமாரியில் போடத் தேவையில்லை. இலக்கை அமைப்புக்குள் போய் 4,000 என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் செய்து தருவான்.

எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?

அடிக்கணக்கு ஓரளவு சரியாக இருக்கும், கை வீசி நடக்கும்வரை. பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாது, கணக்குக் குறையும். தைப்பூசத்தன்று தலையில் பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு கல்லுமலைக்கு நடக்கும் பக்தரின் அடிகளும் விட்டுப்போகலாம். (அந்த அடிகளை எண்ண வேண்டியவர் வேறு ஒருவர் என்பது என் அம்மாவின் கட்சி!) மாறாக, செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் குலுங்கினால் சில கருவிகள் நடப்பதாக நினைத்து எண்ணிக்கொண்டே போகும்.

கலோரிக் கணக்கை என்னைக் கேட்டால் பார்க்கவே வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஆறு நாடித் துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு காட்டின. ஆனால் கலோரியில் ஆகச் சிறந்த கருவியே 27 விழுக்காடு தவறியது. ஆக மோசமானது 93 விழுக்காடு! "இன்று 400 கலோரி எரித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிடுபவர் எதை நம்பிச் சாப்பிடுகிறார் பாருங்கள்.

"நம் கறுத்த தோலுக்கு அந்தப் பச்சை வெளிச்சம் வேலை செய்யுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, தோலின் நிறமி வெளிச்சத்தை உறிஞ்சக்கூடியது. டியூக் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாடித் துடிப்பைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும்போது சரியாகக் காட்டியவை, உடல் அசையும்போதுதான் அதிகம் தவறின. ரத்தத்தில் உள்ள உயிர்வாயு அளவு வேறு விஷயம். அதே 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவியே கறுப்பின நோயாளிகளின் உயிர்வாயுக் குறைவை வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது தெரியவந்தது. மருத்துவமனைக் கருவிக்கே அந்த நிலை என்றால், மணிக்கட்டில் காட்டும் உயிர்வாயு எண்ணை நம்பி மூச்சுத் திணறலை அலட்சியப்படுத்தாதீர்கள்.

வெள்ளரிக்காய்க்கும் 5.4

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருக்கிறார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இனிப்பு நீர்க்காரர். ஊசி குத்தாமலே இனிப்பு நீரை அளக்கும் என்ற விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்து, நூறு வெள்ளிக்கும் குறைவாக ஒரு கடிகாரத்தை வரவழைத்தார். காலையில் பார்த்தால் 5.6, மாலையில் 5.8. மனிதருக்கு ஒரே மகிழ்ச்சி! விரலில் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டார். மாத்திரையையும் பாதியாக்கினார். அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு எங்கேயோ போயிருந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் மகள் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி ஒரு வெள்ளரிக்காயில் கட்டினாள். வெள்ளரிக்காய்க்கும் 5.4 காட்டியது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சீனியை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதற்காக முயன்று வருகின்றன. தோல் வழியாக வெளிச்சம் பாய்ச்சும்போது சீனி தரும் அடையாளம் மிகச் சிறியது. நீர், கொழுப்பு, வியர்வை, உடல் சூடு இவற்றின் இரைச்சலுக்குள் அது மூழ்கிப்போகிறது. அந்தச் சிக்கலை முப்பது, நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை தீர்த்துவிட்டு, அதைத் தொண்ணூறு வெள்ளிக்கு நமக்கு விற்குமா?

இதில் ஒரு குழப்பம் வருவதுண்டு. "என் நண்பர் கடிகாரத்தில் சீனி அளவு வருகிறதே, அது உண்மையாம்" என்பார்கள். அவர் மேற்கையில் வட்டமாக ஒரு வில்லை ஒட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அதிலிருந்து முடிபோன்ற மெல்லிய கம்பி தோலுக்கடியில் இருக்கும். அளப்பது அந்த வில்லை. கடிகாரம் எண்ணைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. அது மெய்யான மருத்துவக் கருவி. வில்லையைச் சில நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செலவும் அதிகம்.

ரத்தக் கொதிப்பிலும் கவனம் தேவை. சாம்சுங் கடிகாரங்களில் இந்த வசதி இருக்கிறது. ஆனால் கையில் சுற்றிக் காற்றடிக்கும் சாதாரணக் கருவியால் அளந்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதைச் சரிப்படுத்த வேண்டும் என்பதே அதன் விதிமுறை. அப்படியென்றால் அந்தக் கருவி எப்படியும் வீட்டில் இருந்தாக வேண்டும். இருந்தால் அதிலேயே பார்த்துக்கொள்ளலாமே!

அப்படியானால் விலை கூடிய கடிகாரம் யாருக்கு?

இரண்டு வகையினருக்கு என்பேன். ஒருவர், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் சிக்கல் உள்ளவர், அல்லது அது இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிப்பவர். 2018 முதல் ஆப்பிள் கடிகாரத்தில் இசிஜி வசதி உண்டு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட ஆப்பிளின் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் 2,161 பேருக்கு மட்டுமே துடிப்பு சீராக இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அப்படி அறிவிப்பு வந்து, பிறகு மார்பில் ஒட்டுப்பட்டை அணிந்து சோதித்துக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு உண்மையிலேயே அந்தச் சிக்கல் தெரிந்தது. ஆகவே அறிவிப்பு வந்தால் பதற வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி வந்தால் கடிகாரத்தையே பார்க்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.

மற்றவர், தனியாக இருக்கும் முதியவர். கீழே விழுந்து அசைவில்லாமல் கிடந்தால் அவசர எண்ணுக்குத் தானாக அழைக்கும் வசதி சில கடிகாரங்களில் இருக்கிறது. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்க, அப்பா மட்டும் பழைய தோட்ட வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது தகும். ஆனால் அழைப்பு போக அலைவரிசை வேண்டும். பெரும்பாலும் கைப்பேசி அருகில் இருக்க வேண்டும். செம்பனைக்கு நடுவே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அலைவரிசை தேடும் இடமாக இருந்தால், அங்கே போய்ச் சோதித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

மற்ற எல்லாருக்கும் பட்டை போதும். காரணம், சார்ஜ். ஆப்பிள் கடிகாரம் போன்றவற்றை அநேகமாக தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். பட்டையும், நான் சொன்ன அந்த நடு வகைக் கடிகாரமும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் தாங்கும். தினமும் கழற்ற வேண்டிய பொருள் ஒருநாள் மேசையிலேயே தங்கிவிடும். கட்டாத கடிகாரம் எதையும் எண்ணாது.

கடைக்குப் போகும் முன் கைப்பேசியையும் பாருங்கள். ஆப்பிள் கடிகாரத்துக்கு ஐபோன் வேண்டும். ஆண்ட்ராய்டோடு அது சேராது. இசிஜி போன்ற வசதிகள் எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் திறக்கப்படுவதில்லை. பெட்டியில் போட்டிருந்தாலும் மலேசியாவில் அது வேலை செய்கிறதா என்று கேட்டு, கடைக்காரரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வாங்குமுன் இன்னொரு சோதனை. பட்டையைக் கையில் இறுக்கமாகக் கட்டி, திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் வழக்கம்போல் கை வீசி, நீங்களே வாய்விட்டு எண்ணி நூறு அடி நடந்துவிட்டு வாருங்கள். சில கருவிகள் எண்ணைப் புதுப்பிக்கக் கொஞ்சம் தாமதிக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தொண்ணூற்றைந்து, நூற்றுமூன்று என்று வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அறுபது, நூற்று நாற்பது என்று வந்தால் அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.