துப்பறியும் சண்டைப் படங்களும் கம்பம் பள்ளத்தாக்கும்

சிறு முதலில், குறுகிய நாட்களில் எடுக்கப்பட்ட துப்பறியும் சண்டைப் படங்களைக் கற்றோர் பொருட்படுத்துவதில்லை. எனினும், பெரும் பொருட்செலவில் வந்த படங்கள் பலவற்றுக்கும் கிட்டாத பற்று அவற்றுக்கு மக்களிடையே கிட்டியுள்ளது. இதன் காரணத்தை ஆராயப் புகுந்தோம்.

இவ்வகைப் படங்களின் பட்டறையாக விளங்கியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதனை நிறுவிய டி. ஆர். சுந்தரம் 1963-இல் மறைந்த பின், அவர்தம் மைந்தர் ஆர். சுந்தரம் ஜெய்சங்கரை நாயகராக்கி ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலியவற்றை எடுத்தார். சொந்தப் பட நிலையமும் மாதச் சம்பளம் பெறும் தொழிலாளரும் இருந்தமையால் செலவு கட்டுக்குள் நின்றது. மலைக் காட்சி வேண்டின் ஏற்காடு அருகிலேயே இருந்தது! பொருள் குறைந்தவிடத்துக் கைகலப்பே படத்தின் உயிராயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்குப் படங்கள் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளின் வழியே வந்தன. படக்கருவி ஒன்றே, ஆதலின் இடைவேளைகள் பல. மணலில் அமர்ந்து பார்த்தவர்கள் சிலம்பம் வழங்கிய நாட்டினர். அடியும் தடுப்பும் அவர்கட்குப் புதியன அல்ல. ஆயினும் காரணம் அஃதொன்றே என நாம் கருதவில்லை.

இப்பகுதியில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் முதலானோர், பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் கருதப்பெற்றுக் கைரேகைச் சட்டத்தின்கீழ் அல்லலுற்றனர். ஆடவர் இரவுதோறும் காவலர்முன் தோன்றக் கடமைப்பட்டிருந்தனர். 1920-இல் இச்சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிய ஆண்டு 1947. ஏறத்தாழ இருபதாண்டுகட்குப் பின்னரே ஜெய்சங்கரின் துப்பறிவாளர் திரையில் தோன்றினார். தலைமுறை ஒன்று கழியுமுன்னர்க் காவலர் ஒருவரை நாயகராக மக்கள் ஏற்றது எங்ஙனம்?

அவர் சீருடை அணியவில்லை என்பதே நம் விடை. கையில் தடியில்லை, பதிவேடில்லை, எவரையும் வரிசையில் நிறுத்திக் கைரேகை வாங்கவில்லை. இடுப்பில் துப்பாக்கி இருப்பினும் வழக்கு முடிவது கைகலப்பிலேதான். தாமும் அடிபட்டே வென்றார். காவலரும் கள்வரும் சம நிலத்தில் நின்று பொருதும் காட்சியை அம்மக்கள் வாழ்வில் எங்குக் கண்டனர்?

பிற்காலத்தில் சீருடையும் ஏற்புடையதாயிற்று. 1990-இல் தெலுங்கில் வெளிவந்த ‘கர்த்தவ்யம்’, ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ எனத் தமிழில் வந்தபோது, விஜயசாந்தி காக்கியுடையிலேயே கைகலந்தார், கொட்டகைகள் ஆரவாரித்தன.

‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தின் நாயகி ஏ. சகுந்தலாவோ, அதன்பின் ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்றே அழைக்கப்பெற்றார். 2024-இல் அவர் மறைந்தபோதும் செய்தித்தாள்கள் அப்பெயரையே அச்சிட்டன.