மோதிய வாகனம் தப்பினாலும் இழப்பீடு உண்டு: கேட்பவர்கள்தான் குறைவு

புது தில்லி: சாலையில் நடந்து சென்றவர் மீது வாகனம் மோதுகிறது. ஓட்டுநர் நிற்காமல் சென்றுவிடுகிறார். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டவர் யாரும் இல்லை. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது; சில மாதங்களில் "வாகனத்தைக் கண்டறிய இயலவில்லை" என்ற குறிப்புடன் கோப்பு மூடப்படுகிறது. இத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்றே காயமடைந்தவரும், உயிரிழந்தவரின் குடும்பத்தினரும் கருதிவிடுகின்றனர். சட்டம் அப்படிக் கருதவில்லை.

மோதிவிட்டுத் தப்பிய வாகனங்களால் 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 67,387 விபத்துகள் நேரிட்டன. 30,486 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. இத்தகைய விபத்துகளுக்கென்றே தனி இழப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் 2022-23 நிதியாண்டில் அத்திட்டத்தின் கீழ் நாடு முழுவதிலிருந்தும் வந்த மனுக்கள் 205 மட்டுமே. அவற்றிலும் உடனடியாகத் தீர்வு காணப்பட்டவை 95.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, பங்கஜ் மித்தல் ஆகியோரைக் கொண்ட அமர்வு 2024 ஜனவரியில் இந்தப் புள்ளிவிவரத்தைச் சுட்டிக்காட்டி, மக்களுக்குத் திட்டமே தெரியவில்லை என்று கவலை தெரிவித்தது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு தொடர்பாக 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் இந்த உத்தரவு பிறப்பிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நடந்து செல்வோருக்கு இது அயலார் பிரச்னை அல்ல. 2023-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,72,890 பேரில் 35,221 பேர் பாதசாரிகள். ஐந்தில் ஒருவர். இவர்களுக்குத் தலைக்கவசம் இல்லை, இருக்கைப் பட்டை இல்லை. தங்கள் பெயரில் காப்பீடும் பெரும்பாலும் இருப்பதில்லை. இழப்பீடு பெற வேண்டுமெனில் மோதிய வண்டியின் காப்பீட்டையே நம்பியிருக்க வேண்டும்.

ரூ. 30 லட்சமா, ரூ. 2 லட்சமா?: வாகனம் அடையாளம் காணப்பட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தொகையைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009, 2017-ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளில் வகுத்துள்ளது. எடுத்துக்காட்டாக, மாதம் ரூ. 15 ஆயிரம் ஈட்டிய 32 வயது கூலித் தொழிலாளி ஒருவர், மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகியோரை விட்டுவிட்டு இறந்தார் என்று கொள்வோம். எதிர்கால வருவாய்க்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் ரூ. 21 ஆயிரம். அவரது சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழித்தால் ரூ. 15,750. ஆண்டுக்கு ரூ. 1.89 லட்சம். அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக, வருவாய் இழப்புக்கு மட்டும் ரூ. 30.24 லட்சம்.

அதே தொழிலாளி மீது மோதிய வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் அக்குடும்பத்துக்குக் கிடைப்பது ரூ. 2 லட்சம். பலத்த காயத்துடன் உயிர் பிழைத்திருந்தால் ரூ. 50 ஆயிரம். இதுவும் 2022 ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்பட்ட தொகை. அதற்கு முன்பு உயிரிழப்புக்கு ரூ. 25 ஆயிரமும், பலத்த காயத்துக்கு ரூ. 12,500-ம் வழங்கப்பட்டு வந்தன. தொகையை மேலும் உயர்த்துவது குறித்துப் பரிசீலிக்குமாறு 2024-ஆம் ஆண்டு உத்தரவிலேயே மத்திய அரசை நீதிபதிகள் கேட்டுக்கொண்டனர்.

இரு தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இறந்தவரின் வருவாயாலோ, குடும்பத்தின் வறுமையாலோ ஏற்படுவதல்ல. வண்டியின் எண் கிடைத்ததா என்ற ஒரே கேள்வியால் ஏற்படுவது. அதாவது, இழப்பீட்டு வழக்கின் முதல் பாதி நீதிமன்றத்தில் அல்ல, காவல் நிலையத்தில் நடக்கிறது.

முயன்றால் எண் கிடைக்கும் என்பதற்குத் தலைநகரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1999 ஜனவரியில் லோதி காலனி பகுதியில் அதிகாலை நேரத்தில் சொகுசுக் கார் ஒன்று மோதியதில் சோதனைப் பணியில் இருந்த காவலர்கள் உள்பட 6 பேர் உயிரிழந்தனர். நிற்காமல் சென்ற காரிலிருந்து வழிந்த எண்ணெய்த் தடத்தைப் பின்தொடர்ந்தே காவல்துறையினர் கோல்ஃப் லிங்க்ஸ் வீட்டை அடைந்தனர். அந்த வழக்கில் 2012-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காரை ஓட்டியவர் ரூ. 50 லட்சத்தை மத்திய அரசிடம் செலுத்த வேண்டும். அத்தொகையை, மோதிய வாகனம் எதுவென்று தெரியாத விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்குப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இறந்தவர்களில் காவலர்களே இருந்த வழக்கில் காட்டப்பட்ட வேகம், நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளியின் வழக்கிலும் காட்டப்படுகிறதா என்பதை அந்தக் குடும்பங்கள்தான் கூற வேண்டும்.

தில்லி காட்டிய வழி: முன்பெல்லாம் விபத்து நடந்து பல மாதங்கள் கழித்தே வழக்குரைஞர் மூலம் மனு தாக்கலாகும். காவல்துறையிடமிருந்து ஆவணங்களைப் பெறுவதற்கே அலைய வேண்டியிருக்கும். 2009-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜே.ஆர். மிதா இதை மாற்றினார். ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றைத் திரட்டி, விரிவான விபத்து அறிக்கையைக் காவல்துறையே தீர்ப்பாயத்தில் அளிக்கும் நடைமுறை தலைநகரில் வந்தது.

2022 ஏப்ரல் முதல் இது நாடு முழுவதற்குமான விதி. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அவரது உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாளில் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள் அவகாசம். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கலாம். இதற்கெனக் காவல்துறையில் தனிப் பிரிவு அமைக்குமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனைத்து மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. படிவங்களை நினைவில் வைத்திருக்கும் உதவி ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

வாகனத்தை ஒரு மாதத்துக்குள் கண்டறிய முடியாவிட்டால், தனித் திட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம் என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையப் பொறுப்பாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டு உத்தரவின் முக்கிய அம்சம். யாரிடம் மனு செய்வது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். மனுவைப் பெறுபவர் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலான விசாரணை அலுவலர். அவர் ஒரு மாதத்தில் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். ஆட்சியர் 15 நாளில் ஒப்புதல் அளித்தால், பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் அடுத்த 15 நாளில் வங்கிக் கணக்கில் தொகையைச் செலுத்த வேண்டும். பின்னர் வாகனம் சிக்கி, தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால், முன்பு பெற்ற தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

வாகனம் தெரிந்த வழக்குகளில் பாதசாரிகள் சந்திக்கும் முதல் தடை, "கவனமின்றிக் குறுக்கே வந்தார்" என்ற வாதம். அது நிரூபிக்கப்பட்டால் அவரது தவறின் அளவுக்கு இழப்பீடு குறையும். வரைபடம் முக்கியமாவது இங்குதான். கடக்குமிடம் எங்கே, நடைபாதை இருந்ததா, வண்டி எந்தப் பக்கம் வந்தது என்பவை முதல் நாளிலேயே பதிவாக வேண்டும். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தெளிவுபடுத்தியது. யாருடைய தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ. 5 லட்சமும், பலத்த காயத்துக்கு ரூ. 2.5 லட்சமும் பெற 164-ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆயினும் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் 166-இன்படி எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

காயமடைந்தோர் விஷயத்தில் மருத்துவச் சான்றிதழில் உள்ள ஊன சதவீதம் மட்டுமே அளவுகோல் ஆகாது. ஒரு கையை இழந்த தச்சருக்கு வாழ்வாதாரமே போய்விடுகிறது. அதே இழப்புக்குள்ளான அரசு எழுத்தர் பணியில் தொடரலாம். எனவே தொழிலைப் பொருத்தே வருவாய் இழப்பைக் கணக்கிட வேண்டும் என்கிறது 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், அமைப்புசாராத் தொழிலில் உள்ளவரிடம் வருமானச் சான்று கேட்பது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

சிகிச்சைச் செலவுக்கு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் உள்ளது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ரூ. 1.5 லட்சத்துக்கு உள்பட்டுச் சிகிச்சை பெறலாம்.

1994-இல் நீக்கப்பட்ட கால வரம்பு மீண்டும் வந்திருப்பதே பலரும் அறியாத ஆபத்து. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்தாக வேண்டும். அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே 6 மாதம் கடந்துவிடுவது எளிது. இந்த வரம்பை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

மருத்துவமனை வாசலிலேயே, கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்த முன்வருவோர் உண்டு. வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் வழக்குரைஞர்களுக்குத் தடை செய்துள்ளன. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வருவாய் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்குரைஞரை அமர்த்தித் தருகிறது. தேசிய உதவி எண் 15100.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இன்னொரு சிக்கல். தீர்ப்பாய மனுவை அவரவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். தில்லியில் அடிபட்டவர் பிகாரில் வழக்குத் தொடரத் தடையில்லை. ஆனால் தப்பிய வாகனத்துக்கான மனுவை விபத்து நடந்த பகுதியின் விசாரணை அலுவலரிடம்தான் அளிக்க வேண்டும். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசென்ற குடும்பம், ரூ. 2 லட்சத்துக்காக மீண்டும் தலைநகருக்கு வருவது அரிது. காவல்துறை அறிக்கை கிடைத்து ஒரு மாதத்துக்குள் யாரும் மனு செய்யாவிட்டால், விசாரணை அலுவலர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தந்து, குடும்பத்தினரைத் தொடர்புகொண்டு மனு செய்ய உதவுமாறு கோர வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு உத்தரவு கூறுவது இத்தகையோருக்காகவே.