வானத்திலிருந்து மண்ணின் ஈரம் பார்க்கலாமா?

மழை விட்டு நாலைந்து நாள் ஆச்சு. மேல்மண் வெளுத்துக் கிடக்கு. பூம்பாறைப் பக்கம் பூண்டு போட்டவருக்கு இப்போ ஒரே யோசனை: தண்ணி கட்டலாமா, பொறுக்கலாமா? தண்ணி குறைஞ்சா பூண்டு சிறுத்துப் போகும். அதிகமானா அழுகல் வரும். இதை வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் சொல்லிவிடுமா?

நம் இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்த நைசார் என்ற செயற்கைக்கோள், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 12 நாளுக்கு ஒரு தடவை பழைய பாதைக்கே திரும்ப வருகிறது. இதில் இருப்பது ரேடார்.

மலை விளிம்பில் நின்று கூப்பிட்டால் எதிர்மலை திருப்பிக் கூப்பிடும் இல்லையா? அதே மாதிரிதான். ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, மண்ணிலிருந்து வரும் எதிரொலியை அளக்கிறது. அந்த அலை பட்டால் காய்ந்த மண் காட்டும் மின்குணத்தின் அளவு 3, 4 என்றால், தண்ணீருக்கு அது சுமார் 80. அதனால் ஈரமண்ணின் எதிரொலி பலமாக வரும். இரவானாலும், கொடைக்கானல் மூடுபனியானாலும் அலை ஊடுருவிப் போகும்.

ஆனால் மூன்று சங்கதிகளை மனதில் வையுங்கள்.

ஒன்று, ரேடார் பார்ப்பது மேலே இரண்டு அங்குல மண்ணைத்தான். வேர் அதற்கும் கீழே இருக்கிறது.

இரண்டு, நாசா தரும் ஈரப்படத்தில் ஒரு கட்டம் 200 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு ஒரே கணக்கு. உங்கள் படிக்கட்டு வயல் சில சென்ட்தானே!

மூன்று, மலைச்சரிவு. ரேடாரைப் பார்த்த சரிவு, காய்ந்திருந்தாலும் பலமாக எதிரொலிக்கும். மறுபக்கச் சரிவு செங்குத்தாக இருந்தால் நிழலில் மறைந்துவிடும். அடர்ந்த சோலையும் காப்பித் தோட்டத்து நிழல்மரமும் மண்ணை மறைக்கும்.

அப்படியானால் இதனால் பயனில்லையா? உண்டு. மலையடிவாரத்தில் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரிச் சமவெளியில் கணக்கு நன்றாகவே அமையும். எந்த வட்டாரம் முதலில் காய்கிறது, எங்கே விதைப்பு ஈரம் இருக்கிறது என்று பரவலாகப் பார்க்கவும், வறட்சியைக் கணிக்கவும் இது உதவும்.

மலைவயலுக்கு உங்கள் கையே கருவி. பாத்தியில் நாலு இடத்தில் அரையடி ஆழம் தோண்டி, அடிமண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்று, கையில் ஈரமும் பட்டால் பொறுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணி கட்டுங்கள். மேல்மண் வெளுத்ததை மட்டும் பார்த்து மடை திறக்க வேண்டாம்.

வட்டாரத்தின் நிலைமைக்கு வானத்துப் படம். உங்கள் பாத்திக்கு உங்கள் கை. இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள்.