சாதா சோப்பே போதும்

பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் 2002-இல் வீடு வீடாகச் சோப்புக் கட்டிகள் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை உறை. கம்பெனிப் பெயர் கிடையாது. 300 வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பு, வேறு 300 வீடுகளுக்குச் சாதா சோப்பு. எந்த வீட்டுக்கு எது போனது என்று வாங்கியவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சோப்பு தராத 306 வீடுகள். வாரந்தோறும் போய்ப் பிள்ளைகளுக்கு என்ன நோய் வந்தது என்று ஓராண்டு குறித்தார்கள்.

முடிவு 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சாதா சோப்பு வாங்கிய வீடுகளில் 15 வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைவு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியாவும் பாதியாகியிருந்தது. நுரையீரல் நோய்க்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? சளிக் கிருமிகள் மூக்குக்கும் கண்ணுக்கும் போக விரல்களும் ஒரு வாகனம்.

கிருமிநாசினிச் சோப்பு? அதுவும் ஏறக்குறைய இவ்வளவேதான். இத்தனைக்கும் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு சோப்புக் கம்பெனி.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால் சோப்பு. அதன் மூலக்கூறின் வால் எண்ணெயை நாடும், தலை தண்ணீரை நாடும். கையில் எப்போதும் இருக்கும் எண்ணெய்ப் பசையில்தான் அழுக்கும் கிருமிகளும் ஒட்டிக்கொள்கின்றன. தேய்க்கும்போது வால்கள் அந்தப் பசைக்குள் நுழைகின்றன. தலைகள் வெளியே நிற்கின்றன. பசை சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிய்ந்து வர, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. கொரோனா போலக் கொழுப்புறை போர்த்திய வைரஸ் என்றால் உறையே சிதைந்துவிடும். மற்றவை சாகாமலேகூடப் போகலாம். சாக்கடையில் அவை உயிரோடு இருந்தால் நமக்கென்ன?

வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸுக்குக் கொழுப்புறை கிடையாது. சானிடைசர் அதனிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் விரட்ட வேண்டும்.

2016-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதா சோப்பைவிட அவை மேல் என்றோ, நெடுநாள் புழங்கினால் தீங்கில்லை என்றோ தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் நுரை வராததற்குச் சோப்பைக் குறை சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு திரிதிரியாக ஆக்கிவிடுகின்றன. கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். வெந்நீர் வேண்டியதில்லை, 20 விநாடித் தேய்ப்புதான் முக்கியம். உள்ளங்கையோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கட்டைவிரலும் நகக்கண்ணும் விடுபட்டுப்போகின்றன. ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும் என்பதால் துடைத்துக்கொள்வதும் அவசியம். அதற்காக அடுப்படியில் நாள் முழுக்கத் தொங்கும் கரித்துணியில் துடைத்தால் கழுவியது வீண். அதற்குப் பதில் கையைக் காற்றில் உலர விடலாம்.